துடக்கு வீட்டு வைன்

என் கணவர் ஒரு மேதை என்பது அவருடைய குடும்பத்துக்குத் தெரியவந்தது அவர் செத்து எட்டாம் நாள். அதுவரைக்கும் அவர் விசரன், மூளை பிசகின ஆள். விசரன் மேதை ஆவதற்கு எங்கள் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ஒரு சாவும், பிரான்சிலிருந்து வந்து இறங்குகிற ஒரு தம்பியும் போதும்.

பெயர்கள் ஒன்றும் எழுதமாட்டேன். புருசனின் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து நேரே என்றால் ‘இஞ்சாருங்கோ’, பிறரிடம் என்றால் ‘இவர்’. இங்கேயும் ‘இவர்’ என்று வந்தால் அது அவர்தான். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. அவர்களைப் போல இரண்டு பேர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

எங்கள் வளவு தீவில், சரவணை என்ற ஊரில் இருக்கிறது. ‘எங்கள்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. அது என் சீதனக் காணி. ஐயா எனக்கு எழுதித் தந்தது. வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு, கிணற்றடியில் முந்திரிகைப் பந்தல். முந்திரிகை என்றால் எங்களுக்குக் கொடியில் குலைகுலையாகத் தொங்கும் பழம். இந்தியாக்காரர் திராட்சை என்பார்கள். தீவில் எங்கே வெட்டினாலும் உவர்தான் ஊறும். கோடை வந்தால் பவுசர் லொறியில் தண்ணீர் வர, சனம் வாளியும் கானுமாக வரிசையில் நிற்கும். எங்கள் கிணறு மட்டும் இனிக்கும். இவர் என்னைக் கட்டியதே கிணற்றுக்காகத்தான் என்று சண்டை வரும்போதெல்லாம் சொல்வேன். “ஓம், கிணறு திருப்பிக் கதையாது” என்பார்.

இவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். வேலையால் இளைப்பாறிய வாத்திமார் எங்கள் ஊரில் கோயில் சபைக்குள் புகுந்து ஆளையாள் வழக்குப் போடுவார்கள். இவரும் அப்படி ஒரு நல்ல வழியில் போயிருக்கலாம். இவர் இளைப்பாறிய வருசம் பார்த்து முந்திரிகை காய்த்துக் கொட்டியது. சந்தையில் கேட்பாரில்லை. பந்தலுக்குக் கீழே பழம் விழுந்து புளித்து, குளவி மொய்த்தது. நான் விளக்குமாற்றோடு போனேன். இவர் தடுத்துவிட்டு, அந்தப் புளித்த வாசத்தை மோந்துகொண்டு நின்றார்.

அதற்கு முந்திய வருசம்தான் பாரிசில் தம்பி வீட்டுக்குப் போய் வந்திருந்தார். தம்பி ஒருநாள் பஸ்ஸில் ஏற்றி ஒரு வைன் தோட்டத்தைக் காட்டினானாம். போனவர்கள் எல்லாரும் நின்று படம் எடுத்தார்கள். இவர் குனிந்து மண்ணை நக்கிப் பார்த்தாராம். தம்பிக்கு மானம் போய்விட்டது. இதை அவனே எனக்குப் போன் எடுத்துச் சொல்லி அழாக்குறையாகக் கத்தினான். பிறகு அதே கதையை அவன் எப்படி மாற்றிச் சொன்னான் என்பதற்கு வருகிறேன்.

“எங்கட மண்ணிலயும் வைன் வரும்” என்றார் இவர்.

“வந்து? நீங்கள் குடிக்கப்போறியளோ?”

“நான் ஏன் குடிக்கிறன்? செய்து பாக்கிறதுதான்.”

இதுதான் விசித்திரம். மீன்கறி இல்லாவிட்டால் முகம் கறுக்கும் மனிசன், ஆனால் கள்ளோ சாராயமோ ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குடிக்காதவர் வைன் செய்யப்போகிறார் என்றதும் ஊரில் குடிக்கிறவர்களுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. நியாயமான கோபம். சமைக்கத் தெரியாதவன் சாப்பாட்டுக் கடை வைத்தது போல.

முதல் வருசம் பேக்கரியில் பாண் மாவுக்குப் போடுகிற ஈஸ்ற் வாங்கிப் போட்டார். வைன் வந்தது. பாண் மணத்தோடு வந்தது. அடுத்த வருசம், வெப்பம்தான் பிழை, இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும் என்று போத்தல்களைப் பழைய புகையிலைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஐயா காலத்துப் புகையிலை அந்தக் கிடுகுக் கூரைக்குள்ளே இன்னும் ஊறிக் கிடக்கிறது. குடித்துப் பார்த்த அயல்வீட்டுக்காரர் தலை சுற்றிக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். “வாத்தியார், இது சுருட்டுத் தண்ணியெல்லோ” என்றார்.

பிறகு பானைக்குள் காற்றுப் போகக் கூடாது, ஆனால் உள்ளே பொங்குகிற காற்று வெளியே வரவேண்டும் என்று ஒரு யோசனை. ஆசுபத்திரியில் தெரிந்தவரைப் பிடித்து, பாவிக்காத சேலைன் குழாய்கள் எடுத்துவந்தார். என் குசினியில் வரிசையாகப் பானைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய், குழாயின் நுனி தண்ணீர்ப் பேணிக்குள். குளுக் குளுக் என்று சத்தம். விடிய எழும்பித் தேத்தண்ணி போடப் போனால் வார்டுக்குள் போனது போல இருக்கும். “ஆருக்கு எப்பிடி இருக்கு, டொக்டர்?” என்று கேட்பேன். இவர் சிரிக்கமாட்டார். பேணியில் குமிழி எண்ணிக்கொண்டிருப்பார்.

கண்ணாடியும் பிளாஸ்ரிக்கும் சூட்டைப் பிடித்து வைக்கின்றன என்று கடைசியில் மண்பானைக்கு வந்தார். பானையின் உட்புறத்துக்குத் தேன்மெழுகை உருக்கிப் பூசி, பின்பக்கக் கொட்டிலில் மணல் பரப்பி, அதற்குள் கழுத்துவரை புதைத்து, பொழுதுபட மணலுக்குத் தண்ணீர் தெளித்தார். எனக்குத் தெரிய இது இவர் தலையில் தானாக உதித்தது. அதை நான் அப்போது சொல்லவில்லை. “நல்ல தண்ணியை மணலுக்கு ஊத்துற ஒரே ஆள் இந்தத் தீவில நீங்கள்தான்” என்றுதான் சொன்னேன்.

ஒவ்வொரு வருசமும் பானை திறக்கிற அன்றைக்கு ஒரு சடங்கு உண்டு. இவர் வாயில் விட்டுக் கொப்பளித்து, பாரிசில் மற்றவர்கள் செய்யப் பார்த்தபடி துப்பிவிடுவார். தன் நாக்கை நம்பமாட்டார். ஒரு தேக்கரண்டியில் ஊற்றி எனக்கு நீட்டுவார். நான் ஒன்றும் குடித்துப் பழகியவள் இல்லை. ஆனால் குழம்பில் புளி கூடியதைக் கொதிக்கும்போதே மோந்து சொல்வேன், அதனால் என் நாக்கில் அப்படி ஒரு நம்பிக்கை. நான் ருசித்து முகத்தைச் சுளிப்பேன்.

“வினாகிரி. அச்சாறு போடலாம்.”

“சரி. வாற வருசம் பாப்பம்” என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் புளித்த வினாகிரியில் ஊறவைத்த அச்சாறு நன்றாகத்தான் வந்தது. ஊரில் எந்தக் கலியாண வீட்டுக்கும் என் அச்சாறுதான் போகும். வைன் விற்பதற்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்பார்கள். இவர் ஒரு போத்தல் வைன் விற்றதில்லை. வாங்கவும் ஒருவரும் வந்ததில்லை.

குடும்பம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றும் சொல்லவேண்டும். இவருக்கு ஒரு அக்கா கனடாவில், எனக்குப் பெரிய மச்சாள். செய்தி ரொறன்ரோவுக்குப் போன அன்றைக்கே போன் வந்தது. “எங்கட சாதிசனத்தில ஆராவது உந்த வேலை செய்தவையோ? நான் இஞ்ச என்னெண்டு முகம் குடுக்கிறது?” என்று அழுதார். கள் சீவுகிறவர்களின் வேலையை வாத்தியார் செய்கிறார் என்பதுதான் மச்சாளுக்குத் துக்கம். தம்பியும் அடுத்த நாளே எடுத்து, “அண்ணி, அண்ணைக்கு ஒரு நல்ல டொக்டரைக் காட்டுங்கோ. மூளைக்கு” என்றான். பிறகு கனடாவில் கேட்பவர்களுக்கு மச்சாள், இவர் பழச்சாறு ஆராய்ச்சி செய்கிறார் என்று சொல்லிவந்தார். அறுத்த கைக்குச் சுண்ணாம்பு தராத ஆட்கள் இரண்டு பேரும். மெழுகு வாங்கக்கூட ஒரு சதம் அனுப்பியதில்லை.

கடைசி வருசப் பழம் புரட்டாசியில் வெட்டினோம். வெயில் ஏற முதல், குலை இன்னும் குளிர்ந்திருக்கும்போதே வெட்டவேண்டும் என்று என்னையும் இருட்டோடு எழுப்பிவிட்டார். திட்டித் திட்டி வெட்டினேன். அந்த முறை ஈஸ்ற் இல்லை, குழாய் இல்லை. பழத்தைக் காலால் மிதித்துப் பானையில் இட்டு, பொங்கி அடங்கியதும் வடித்து, மெழுகால் வாயை அடைத்து மணலுக்குள் புதைத்தார்.

“என்ன, இந்த முறை புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“இந்த முறை நான் ஒண்டும் செய்யேல்ல. அதைத் தன்ர பாட்டில விட்டிட்டன். தை பிறக்கத் திறப்பம். நீர் அப்ப சொல்லும்.”

கார்த்திகை மழைக்குள் இவர் போய்விட்டார். பந்தலின் கால் ஒன்று சரிந்ததென்று நிமிர்த்தப் போனவர், அப்படியே கொடிக்குக் கீழே இருந்துவிட்டார். நான் குசினி யன்னலால் பார்த்து, “சேற்றுக்குள்ள இருக்காதையுங்கோ, வேட்டி ஆர் தோய்க்கிறது?” என்று கத்தினேன். அதுதான் நான் இவரிடம் கடைசியாகச் சொன்னது. போய்த் தொட்டபோது தெரிந்தது. அன்றைக்கு நான் வைத்த ஒப்பாரி வேலணைச் சந்திவரை கேட்டதாம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கத் தம்பிதான் முறை. அவன் பாரிசிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருந்துதான் எடுத்தோம். மச்சாள் இரண்டு நாள் பிந்தி வந்தார்.

எட்டாம் நாள் ‘எட்டுச் செலவு’. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். நான் இவருக்குப் பிடித்த சுறா வறையும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்தேன். தம்பி தன் பெட்டியிலிருந்து ஒரு பிரெஞ்சு வைன் போத்தலை எடுத்துவந்து சுறா வறைக்குப் பக்கத்தில் வைத்தான். அதைத் திறக்கிற சாமான் வீட்டில் இல்லை. சாவீட்டுக்கு வந்த ஆம்பிளைகள் எல்லாரும் கூடி, திருப்புளியால் அடைப்பை உள்ளே தள்ளினார்கள். பிணத்தைத் தூக்கவும் அவ்வளவு ஒற்றுமை இருக்கவில்லை. பிறகு தம்பி எழும்பிப் பேசினான்.

“அண்ணை ஒரு மேதை. பிரான்சில வைன் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். ஆயிரம் பேர் போற இடம். அண்ணை மட்டும் குனிஞ்சு மண்ணை ருசி பாத்தவர். அங்கத்தை வைன் ஆக்களே பாத்துப் பிரமிச்சுப் போய் நிண்டவங்கள்.”

சனம் உச்சுக் கொட்டியது. நான் குசினிக்குள் இருந்தபடி தலையில் அடித்துக்கொண்டேன். மானம் போய்விட்டதென்று போனில் கத்தியவன் இவன்தான். படையல் முடிந்ததும் போத்தலில் மிஞ்சிக் கிடந்ததை ஒரு மிடறு நானும் குடித்துப் பார்த்தேன். இதற்காகவா மனிசன் இவ்வளவு பாடுபட்டது என்று அறிய விருப்பம்.

அன்றைக்குப் பின்னேரமே தம்பி வளவை அளக்கத் தொடங்கிவிட்டான். பாரிசில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு தானே கடை வைத்தவன். உழைப்பாளி, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் வைனைப் பற்றி அவன் அறிந்ததெல்லாம் அது இருந்த கோப்பையைக் கழுவி அறிந்ததுதான். பிரான்சில் ஒரு குடும்பம் ஒரே தோட்டத்தைப் பரம்பரை பரம்பரையாக வைத்திருக்கிறது, அதற்குப் பெயர் இருக்கிறது, பெயருக்குத்தான் மதிப்பு என்று எனக்கு விளக்கினான். எங்களுக்கும் அப்படி ஒரு குடும்ப வைன் தோட்டம் வரப்போகிறதாம். போத்தலில் ஒட்டுகிற படத்தைப் போனிலேயே செய்து காட்டினான். நடுவில் இவர், நெற்றி நிறைய விபூதி, சுற்றிவர முந்திரிகை இலை. கீழே தகப்பன் வழிக் குடும்பப் பெயர். என் ஐயா வைத்த கொடி, என் சீதனக் காணி, அவர்களுடைய பரம்பரை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

“பழைய பந்தலைப் பிடுங்கிப்போட்டு, பிரெஞ்சுக் கொடி வரிசையா நடலாம் அண்ணி. கிணத்தடியில வெளிநாட்டு ஆக்கள் வந்து தங்கிறதுக்கு அறைகள். நடுவில ஒரு நீச்சல் தடாகம்.”

“தண்ணி?”

“கிணறு இருக்குதானே.”

அட கோதாரி! சனம் பவுசருக்குப் பின்னால் ஓடுகிற தீவில், என் கிணற்றை இறைத்து வெள்ளைக்காரன் நீந்தவேண்டுமாம். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

ஏன் விழுங்கினேன் என்று கேட்பீர்கள். காணி என் பெயரில், முடியாது என்று ஒரு சொல்லுச் சொன்னால் முடிந்தது என்பீர்கள். எங்கள் தீவில் வாழ்ந்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள். பிள்ளையில்லாத கைம்பெண் புருசன் வீட்டாருக்கு முகத்துக்கு நேரே முடியாது என்றால் அது காணிக்கு மட்டும் சொல்வதில்லை. அதோடு உறவு அறுந்தது. நாளைக்கு நான் படுக்கையில் விழுந்தால் ஆர், எனக்குக் கொள்ளி வைப்பது ஆர் என்று மச்சாள் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக்குள் சீனி கலப்பது போலக் கலந்து தந்தார். “அவன் உன்ர நன்மைக்குத்தானே சொல்லுறான். எழுதிக் குடன். ஆர் உனக்கு இருக்கினம்?” பழச்சாறு ஆராய்ச்சி என்று மறைத்த அதே மச்சாள்தான். ரொறன்ரோவிலுள்ள சிநேகிதிகளுக்கெல்லாம் இப்போது போத்தல் படம் போய்ச் சேர்ந்திருந்தது.

நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. தம்பி மணலுக்குள் புதைத்திருந்த பானைகளைக் காட்டி, திறப்போம் என்று நின்றான். இவர் தை பிறக்க என்று சொன்னவர், முதல் திறந்தால் பழுதாகும் என்று மறித்துவிட்டேன். அந்தப் பானைகளை இந்தக் கூத்துக்குள் திறக்க எனக்கு மனமில்லை. தை பிறந்ததும் நான் தனியே திறந்து பார்ப்பதாக இருந்தேன். அவன் பானைகளோடு நின்று படம் எடுத்து, பாரிசில் காசு போடவிருந்த கூட்டாளிகளுக்கு அனுப்பினான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாம்பலைக் கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போகவேண்டும். நானும் போனேன். வீட்டைக் கழுவிச் சாவுத் தீட்டான துடக்கைக் கழிக்கிற பொறுப்பை மச்சாள் ஏற்றுக்கொண்டார். மச்சாள் கனடாவில் பதினாறாவது மாடியில் இருக்கிறவர். அங்கே துடக்கை லிப்ரில் ஏற்றி இறக்குகிறாரோ தெரியாது. ஆனால் இங்கே வந்து இறங்கினால் ஆசாரம் தலைக்கேறிவிடும். ஐயர் வாயைத் திறக்க முதல் மச்சாள் மந்திரம் சொல்லுவார்.

நாங்கள் கீரிமலையால் திரும்பி வந்தபோது வீடு மஞ்சள் தண்ணீரும் மாட்டுச் சாணமும் மணத்தது. தம்பி கூட வந்த சொந்தக்காரருக்குத் தன் வைன் கொட்டிலைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். போன வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே வந்தான். மணல் கிளறிக் கிடந்தது. பானைகள் இல்லை.

“துடக்கு வீட்டு மண்பானையை வச்சிருக்கிறதோ? ஆள் பிடிச்சுக் கிண்டி எடுத்து, லாண்ட்மாஸ்ரர் வண்டியில ஏத்தி எறிவிச்சனான்” என்றார் மச்சாள், ஏதோ பரிசு வாங்கியவர் போல.

பிழை சொல்ல முடியாது. சாவு விழுந்த வீட்டில் செம்பு பித்தளையைப் புளிபோட்டு மினுக்கி வைக்கலாம், மண்பானையை எறியத்தான் வேண்டும். ஊர் முறை அது. இவர் கண்ணாடியையும் பிளாஸ்ரிக்கையும் விட்டு மண்ணுக்கு மாறியபோது அதை யோசித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்த விஞ்ஞான வாத்தியார், தான் சாகலாம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தம்பியும் தமக்கையும் முற்றத்தில் பிடித்த சண்டையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “அது பானை இல்லை அக்கா, அது எங்கட பரம்பரைச் சொத்து!” என்று அவன் கத்த, “துடக்குத்தான் எங்கட பரம்பரை, நீ பிரான்சில மாடு திண்டு அதை மறந்திட்டாய்” என்று மச்சாள் கத்த, ஐயர் தர்ப்பையோடு ஒரு கரையில் ஒதுங்கி நின்றார். நான் சண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து வளவுக்கு ஓடினேன். அந்த வளவுக்காரர் எல்லாரும் லண்டனில். ஊர்க் குப்பை எல்லாம் அங்கேதான் போகும். நாகதாளிப் பற்றைக்குள் பானைகள் உடைந்து கிடந்தன. மண் கறுத்துச் சிவந்திருந்தது. ஒரு ஆடு அதை நக்கிக்கொண்டு நின்றது. அந்த ஆட்டைத் துரத்தக்கூட எனக்குப் பலமில்லை. இருந்து அழுதேன். முப்பது நாளாக அழுதது வேறு, இது வேறு.

ஒரு பானை பனை வடலிக்குக் கீழே உருண்டு, சரிந்தபடி உடையாமல் கிடந்தது. எனக்குப் பின்னால் ஓடிவந்த தம்பிதான் அதைக் கண்டான். பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, பந்தலுக்குக் கீழே இறக்கினான். வந்திருந்த சொந்தம் எல்லாம் சுற்றி நின்றது.

“அண்ணையின்ர கடைசி வைன். இது நல்லாயிருந்தாக் காணும் அண்ணி. நாளைக்கே வேலை தொடங்கலாம், கூட்டாளிமார் காசு போடுவாங்கள். கூடாதெண்டா நான் அவங்களுக்கு என்னத்தைக் காட்டுறது?”

சரி, ஆர் ருசி பார்ப்பது? அங்கேதான் சிக்கல். தம்பி கிரியை செய்தவன், அன்றைக்கு முழுக்க விரதம், தண்ணீரும் ஐயரைக் கேட்டுத்தான் குடிக்கிறான். மற்ற ஆம்பிளைகள் குடிக்கத் தயார்தான். ஆனால் துடக்குப் பானையில் வாய் வைத்தால் அந்தக் குடும்பத்தில் அடுத்த சாவு விழும் என்று மச்சாள் சொன்னதும், முன்னுக்கு நின்றவர்கள் எல்லாரும் பின்னுக்குப் போனார்கள்.

“அவள் பாக்கட்டும்” என்று மச்சாள் என்னைக் காட்டினார். “நனைஞ்சாப் பிறகு முக்காடு எதுக்கு? அவளுக்கு இனி என்ன வரக்கிடக்கு?”

“ஓம், அண்ணி பாக்கட்டும்” என்றான் தம்பி. “அண்ணை எப்பவும் அண்ணியின்ர நாக்கைத்தான் நம்புறவர்.”

மெழுகைக் கீறித் திறந்து, கரண்டியில் எடுத்தேன். நிறம் நாவற்பழச் சாறு. வாயில் விட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கின் இரண்டு கரையிலும் பழத்தோலின் துவர்ப்பு. அதற்குப் பின்னால் பழம், நாங்கள் விடிய முதல் குளிரோடு வெட்டிய அதே பழம். புளிப்பு அளவாக நின்றது. விழுங்கிய பிறகு தொண்டையில் இளஞ்சூடு. பாண் மணமில்லை, புகையிலை இல்லை, வினாகிரி இல்லை. எட்டுச் செலவன்று குடித்த பிரெஞ்சு வைன் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

திறம். என் புருசன் செய்த வைன் திறமாக வந்திருந்தது. உலகத்திலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லவேண்டிய ஆளைக் காலையில்தான் கடலில் கரைத்துவிட்டு வந்திருந்தேன்.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேலே பார்த்தேன். மழைக்குத் துளிர்த்த கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருந்தது. நல்லது என்று சொன்னால் இவருடைய பெயர் போத்தல் போத்தலாக நிற்கும். இந்தக் கொடி நாளைக்கு வேரோடு போகும், கிணறு போகும், நான் என் சொந்தக் காணியில் வெள்ளைக்காரருக்குக் கட்டில் விரிப்பேன். கூடாது என்று சொன்னால் எல்லாம் தப்பும். அந்த மனிசன் மட்டும் விசரனாகவே போவார்.

“சீ!” என்று காறித் துப்பினேன். “வாயில விடேலாது.”

சொல்லிவிட்டு, வேறு ஆரும் விரலை விட்டுப் பார்க்க முதல் பானையைக் காலால் சரித்தேன். கொடிக்குக் கீழே முழுக்க ஊற்றுண்டு போனது. முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தேன். அருவருப்பு என்று நினைத்திருப்பார்கள்.

நான் எதிர்பார்த்தது ஒன்று. ஆராவது ஒருவர், ‘உண்மையோ? நல்லாப் பாத்தனியளோ?’ என்று கேட்பார்கள் என்று. தம்பியாவது கேட்பான், அவன்தானே மேதை என்றவன். கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன், எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நொடி! ஒரு நொடியில் நம்பினார்கள். “நான் அப்பவே சொன்னனான்” என்றார் மச்சாள். தம்பி பெருமூச்சு விட்டுப் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தில் கவலையைவிட ஆறுதல்தான் கூட இருந்தது.

“பாவம் அண்ணை” என்றான். “அவருக்குக் கடைசிவரைக்கும் ஒண்டும் சரிவரேல்ல, என்ன அண்ணி?”

அதற்குப் பிறகு பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருந்து, இவருடைய கதைகளை எடுத்துவிட்டார்கள். சுருட்டுத் தண்ணிக் கதை, சேலைன் குழாய்க் கதை. மண்ணை நக்கிய கதையும் திரும்பப் பழையபடி மானம் போன கதையாக மாறிவிட்டது. அந்தியேட்டி வீட்டில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தக் கதைகளில் பாதி நானே முன்பு ஊருக்குள் சொல்லிப் பரப்பியவை. நான் தேத்தண்ணியும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தம்பி தை பிறக்க முதல் பறந்துவிட்டான். இப்போது புங்குடுதீவில் வேறொரு சொந்தக்காரரின் காணியில் நண்டு வளர்க்கப் போகிறானாம். நண்டுக்கும் ஒரு பரம்பரை கண்டுபிடிப்பான். எனக்குக் கிழமைக்கு ஒருக்காப் போன் எடுக்கிறான், அன்பாகத்தான் கதைக்கிறான். மச்சாளும் அப்படித்தான். உறவு அறவில்லை. எனக்குக் கொள்ளி வைக்க ஆள் இருக்கிறது. பந்தல் நிற்கிறது, கிணறு இனிக்கிறது.

இதை எழுதினால் அவர்களுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அவர்கள் இவ்வளவு நீளத்துக்கு ஒன்றும் வாசிக்கமாட்டார்கள். வாசித்தாலும் நம்பமாட்டார்கள். மனிசன் போன கவலையில் கிழவிக்கு விசர் தட்டிவிட்டது, அந்தத் தண்ணியைப்போய் நல்லதென்று எழுதுகிறாள் என்பார்கள். நீங்களும் நம்பாமல் விடலாம். காட்டுவதற்கு என்னிடம் ஒரு சொட்டும் இல்லை, நானே சரித்துவிட்டேன்.

இவரைக் கேட்டால் காணிதான் பெரிசு, நீர் செய்தது சரி என்பார். ஒரு சொல் குறையாகச் சொல்லமாட்டார். அப்படிப்பட்ட மனிசன். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.